வெளிர் ஊதா

பவளம் வளர்க்கும் குழுவிலிருந்து வந்த ஏழு பேர் தொட்டியின் முன் குனிந்து நின்றார்கள். வாசுகி அவர்களுக்குப் பின்னால் நின்றாள்.

கண்ணாடிக்குள் பவளங்கள் வெளிர் ஊதாவில், வெளிர் பச்சையில் கிளை விரித்திருந்தன. இவ்வளவு மென்மையான நிறத்தைப் பார்த்ததே இல்லை என்றார் ஒருவர். இன்னொருவர் படம் எடுத்துக்கொண்டார்.

அவள் கணவர் குணாளன் கைகளைக் கட்டியபடி விளக்கினார். தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். வேறு ரகசியம் ஒன்றுமில்லை.

அவளால் பொறுக்க முடியவில்லை.

"அது நிறமில்லைங்க. பசி."

ஏழு முகங்களும் திரும்பின.

குணாளன் சிரித்தார். "இவளுக்கு எதைப் பாத்தாலும் சமையல்கட்டு ஞாபகம்தான்."

எல்லோரும் சிரித்தார்கள், ஓர் இளம்பெண்ணைத் தவிர. விடைபெறும்போது அந்தப் பெண் வாசலில் பின்தங்கினாள். பெயர் ஷமீமா, மருத்துவமனையில் தாதி, வீட்டில் சின்னத் தொட்டி ஒன்று இருக்கிறது என்றாள். பசி என்றால் என்ன என்று கேட்டாள்.

வாசுகி சொன்னாள். நின்றபடியே, தாழ்ந்த குரலில்.

பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அதற்குச் சோறு போடுவது அந்தப் பாசிதான். தண்ணீரில் நைட்ரேட், பாஸ்பேட் போன்ற சத்து மிஞ்சினால் பாசி பெருகிப் பவளம் பழுப்பாகும். சத்தே இல்லாமல் போனால் பாசி குறையும். மெலிந்த சதை வழியே உள்ளே இருக்கும் சுண்ணாம்பு தெரியும்.

பார்க்கிறவர்களுக்கு அது அழகு.

வாசுகி தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தவள். மாமியார் படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டாள். மாமியார் இறந்த பிறகு, சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் வட்டாரத்து அடுக்குமாடி வீட்டின் கூடத்துக்கு இந்தத் தொட்டி வந்தது.

வாங்கியவர் குணாளன். ஆறு ஆண்டுகளாகத் தினமும் தண்ணீரைச் சோதித்தவள் அவள்.

நடுவில் நின்ற ஊதாப் பவளம் வந்தபோது கட்டைவிரல் அளவு. இப்போது இரண்டு கைக்கு அடங்காது. கூட்டத்துக்குப் பத்து நாள் முன்புவரை அது நல்ல அடர்ந்த ஊதா.

இணையத்துப் படங்களில் இன்னும் வெளிறி இருக்கிறது என்று குணாளனுக்குக் குறை. பாஸ்பேட்டை உறிஞ்சும் துகள்களை வடிகட்டியில் கொட்டினார், பொட்டலத்தில் சொன்ன அளவுபோல் இரண்டு மடங்கு. மீன் தீனியையும் பாதியாக்கினார்.

வேண்டாம் என்று அவள் இரண்டு முறை சொன்னாள்.

கூட்டம் முடிந்து வந்த புதன்கிழமை ஊதாப் பவளத்தின் அடியில் சதை உரியத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை பாதிவரை ஏறிவிட்டது.

குணாளன் கூடத்தில் நின்று குழு நண்பரோடு தொலைபேசியில் பேசினார்.

"வீட்டுல அளவு தெரியாமப் போட்டுட்டாங்க. என்ன செய்யறது."

அடுக்களை நான்கு எட்டு தூரம்தான். அவர் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

வாசுகி வெங்காயத்தை முழுதாக நறுக்கி முடித்தாள். அடுப்பை அணைத்தாள்.

நுனிகளில் இன்னும் உயிர் இருந்தது. வெட்டிப் பிரித்தால் பிழைக்கலாம் என்று அவரிடம் சொன்னாள். விடு, வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு அன்றே கடைக்குப் போனார்.

அவர் போனதும் தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டாள்.

ஒன்பது துண்டுகள்.

ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் கட்டி, ஷமீமா வீட்டுக்குக் கொண்டுபோனாள். அளவைத் தப்பாகப் போட்டது நீங்கள்தான் என்று குழுவில் பேசிக்கொள்கிறார்கள் என்றாள் ஷமீமா. கேட்பதுபோல் இருந்தது.

வாசுகி பைகளை அவள் கையில் கொடுத்தாள். மீன்களுக்கு இரண்டு வேளை போடு என்றாள். விளக்கைக் குறை. எல்லாவற்றையும் கழுவித் துடைக்காதே.

வாசலில் செருப்பை மாட்டும்போது இன்னொன்றும் சொன்னாள்.

"யார் குடுத்தாங்கன்னு கேட்டா என் பேரைச் சொல்லாத."

"ஏன்க்கா?"

மின்தூக்கி வந்துவிட்டது.

முதல் வாரத்தில் நான்கு துண்டுகள் செத்தன. மீதி ஐந்தும் பழுப்பாயின. ஷமீமா பயந்துபோய் அழைத்தாள். பழுப்பு இருக்கட்டும், அவசரப்படாதே என்றாள் வாசுகி. அதன் பிறகு வாரம் ஒருமுறை பேசினார்கள். நைட்ரேட் எவ்வளவு, பாஸ்பேட் எவ்வளவு. அதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை.

கூடத்துத் தொட்டியில் குணாளன் மூன்று முறை புதிய பவளங்கள் வைத்தார். மூன்று முறையும் தண்ணீரை அவரே பார்த்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டுக் கூட்டம் ஷமீமா வீட்டில் நடந்தது. வளர்ப்பவர்கள் மட்டும் வருகிற கூட்டம் என்று சொல்லிவிட்டுக் குணாளன் தனியாகப் போனார்.

திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றும் முன்பே கைப்பேசியை நீட்டினார்.

"இந்த ஊதாவைப் பாரு. இப்படி ஒண்ணு நம்ம வீட்டுக்கு வந்ததே இல்ல."

வாசுகி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். அடர்ந்த ஊதா. நுனிகளில் பச்சை. அடியில் புதுச்சதை பாறைமேல் படர்ந்திருந்தது.

எங்கே வாங்கினாள் என்று கேட்டால் அந்தப் பெண் சிரித்து மழுப்புகிறாள் என்றார். சின்ன வயசு, என்ன பொறுமை என்றார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீயும் ஒரு நாள் போய் அவகிட்டக் கேட்டுக்க, எப்படி வளக்கறதுன்னு."

அவள் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள்.

"கேட்டுக்கறேன்," என்றாள்.