எந்த இடம்?

“தம்பி எந்த இடம்?”

கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நாகலிங்கம் கேட்டார். இந்தக் கேள்வி வருமென்று தெரிந்தும் ஜெறோமின் முகம் சுருங்கிவிட்டது.

அவர் விற்கப்போகிற அந்தக் கார் அவனுக்குக் கட்டாயம் வேண்டும். மனைவி ஜெசிந்தாவுக்கு இது ஆறாம் மாதம். முதல் பிள்ளை தங்கவில்லை. இந்தமுறை மோட்டார் சைக்கிளில் ஏறவே கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவன் கையில் இருந்த காசுக்கு இந்த ஒரு கார்தான் கட்டுப்படியாகும்.

கூட வந்த கூட்டாளி லியோன், கோப்பாயில் இவர் வீட்டுக்கு வந்து சேரும்வரை வெருட்டிக்கொண்டே வந்தான். இது சி.வி.ரி. கியராம். உள்ளே பல்லுச்சக்கரம் மாறி மாறிப் பிடிக்காதாம், ஒரு பெல்ட்தான் ஓடுமாம். பெல்ட் போனால் கியர்ப்பெட்டியே போச்சாம். யாழ்ப்பாணத்தில் இதை நம்பி ஒருவரும் வாங்கமாட்டார்கள், வாங்கினால் நாளைக்கு விற்கவும் ஏலாது என்றான். போதாததற்கு, முதல் வந்தவர்களை எல்லாம் இந்த மனுசன் ஊர் விசாரித்தே திருப்பி அனுப்பினாராம் என்றும் ஒரு கதையைப் போட்டான்.

ஆனால் ஓட்டிப் பார்த்ததும் அவனே வாயை மூடிக்கொண்டான். கிளச் மிதிக்கிற வேலை இல்லை. கியர் மாறுகிற குலுக்கலும் இல்லை. இருபாலைச் சந்திவரை போய்வந்தார்கள், வழுக்கிக்கொண்டு போனது கார். ஜெசிந்தா பின்சீற்றில் சாய்ந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதை ஜெறோம் அப்போதே கண்ணால் கண்டுவிட்டான்.

திரும்பி வந்து இறங்கியதும்தான் அந்தக் கேள்வி.

யாழ்ப்பாணத்தில் ‘எந்த இடம்’ என்று கேட்கிற எத்தனையோ பேருக்கு ஊர்ப்பெயரால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஊரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும், அவ்வளவுதான். ஜெறோம் கடற்கரைப் பிள்ளை. மயிலிட்டி என்று உண்மையைச் சொன்ன பாவத்துக்கு டவுனில் இரண்டு வாடகை வீடுகள் அவனுக்குக் கைநழுவிப் போயிருந்தன. சொந்தக்காரர் வரப்போகிறார்கள், குறை நினையாதேங்கோ என்று சிரித்துச் சிரித்தே கதவைச் சாத்தினார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் அவனுக்குள் எரிந்துகொண்டிருந்தது.

நாகலிங்கத்தின் நெற்றி நிறையத் திருநீறு. வீட்டுக்குப் பின்னால் பரந்து கிடந்தது வாழைத்தோட்டம். இவர் மட்டும் வேறு எதற்குக் கேட்கப்போகிறார்?

“டவுன் பக்கம்தான், ஐயா,” என்று மழுப்பினான்.

அவர் விடுகிறவராக இல்லை. “அது சரி. உங்கடை ஆக்கள் எங்கை? மனிசியின்ரை ஆக்கள் எங்கை? நன்மை தீமைக்கு எங்கை போய் வருவியள்?”

லியோன் மெதுவாக ஜெறோமின் காலை மிதித்தான். மனுசன் அடிவேர்வரை கிண்டுகிறார். இனி அவர் கிண்டமுடியாத தூரத்து ஊர் ஒன்றைத்தான் சொல்லவேண்டும்.

“எல்லாரும் பண்டாரவளை, ஐயா. மாதத்திலை ஒருக்கா எண்டாலும் போய் வருவம்.”

நாகலிங்கத்தின் முகம் விழுந்துவிட்டது. சாவியை மடிக்குள் செருகினார்.

“அப்ப குறை நினையாதேங்கோ, தம்பி. இந்தக் கார் உங்களுக்குச் சரிவராது.”

அதே குறை நினையாதேங்கோ. கடற்கரைதான் ஆகாது என்று பார்த்தால், இவருக்கு மலைநாடும் ஆகாது போலிருக்கிறது. ஜெறோம் வாசல் படலைவரை போனான். அங்கே நின்றபோது நாகலிங்கத்தின்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த வெட்கம்தான் பெரிதாக இருந்தது. பிறக்கப்போகிற பிள்ளைக்கும் இந்தப் பொய்யைத்தான் சொல்லிக்கொடுப்பதா? விறுவிறென்று திரும்பி வந்தான்.

“பண்டாரவளை பொய், ஐயா. நான் மயிலிட்டி. இருக்கிறதும் அங்கைதான். என்ரை அப்பாவும் கடல்தொழில், மனிசியின்ரை அப்பாவும் கடல்தொழில். எங்கடை ஆக்கள் முழுக்க அந்தக் கரையிலைதான் இருக்கினம். மலைப்பக்கம் நாங்கள் எட்டியும் பார்த்ததில்லை. வயித்துப்பிள்ளைக்காறியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் கார் கேட்டு வந்தனான். இப்ப தெரிஞ்சுதோ எந்த இடம் எண்டு?”



நாகலிங்கம் மடியிலிருந்து சாவியை எடுத்தார். அதை ஜெறோமின் உள்ளங்கையில் வைத்து அவனுடைய விரல்களை மூடினார்.

“இதை முதலே சொல்லியிருக்கலாமே. தம்பி, இந்தக் கார் நெடுக ஏற்றம் ஏறினால் கியர் சூடாகி இழுவை விட்டிடும். மகளைப் பாக்க மலைநாட்டுக்குப் போகேக்கை நடுவழியிலை, கொட்டுற மழைக்குள்ளை, பேரப்பிள்ளையையும் வைச்சுக்கொண்டு நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். பிறகு கராஜிலை காட்டி உரிய ஒயில் மாத்தினனான். மட்ட நிலத்திலை மட்டும் ஓடினால் கனகாலத்துக்கு ஒண்டும் செய்யாதாம். இதை முதலே சொன்னால் ஒருத்தரும் ஏறியும் பாராயினம். சொல்லாமல் வித்தால் ஆரோ பிள்ளைகுட்டியோடை மலையிலை அந்தரிப்பினம். அதுதான் வாற எல்லாரிட்டையும் எந்த இடம், எங்கை போவியள் எண்டு விசாரிக்கிறனான்.”

ஜெறோமுக்குக் கண் கலங்கிவிட்டது. நாகலிங்கம் அதைக் கவனிக்காதவர்போலக் காரின் கதவைத் திறந்துவிட்டார்.

“மயிலிட்டியிலை ஏது ஏற்றம்? இந்தக் காருக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்குமோ, தம்பி?”