பட்டு சுற்றிய குழாய்

அறுபத்தெட்டாம் வருஷத்து அடைமழையில் அம்சவேணியின் தறிவீட்டுச் சுவர் மறுபடி விரிசல் விட்டது. பிள்ளையார்பாளையத்தின் அந்தத் தெருவில் மண் இறங்க இறங்கத் தண்ணீர்க் குழாய் உடையும். பிட்டர் துரைக்கண்ணு வந்து அடைப்பார். இந்த முறையும் விரிசலைப் பார்த்து அவர் தோண்டியபோது, உடைந்த இடத்தில் யாரோ பட்டு நூலை இறுகச் சுற்றியிருந்தார்கள். கசிவு நின்றிருந்தது.

“ஏம்மா, நீதானே தோண்டினே? தண்ணி திருடுறியா?”

“நீ கட்டினதுன்னுல்ல நெனச்சேன்பா! நீ தோண்டுறவரிக்கும் மேல மண்ணு கலையவே இல்லியே.”

அது உண்மைதான். முடிச்சும் குழாயின் அடிப்பக்கம்தான் இருந்தது. சந்தேகம் தீராமல் அவர் அடிமண்ணைக் கையால் வழித்தார். நூல் இன்னும் கீழே போனது. பிடித்து இழுத்தார்.

கீழேயிருந்து யாரோ அதை, நூல் அறுந்துவிடாதபடி, பக்குவமாகத் திரும்ப இழுத்தார்கள்.