பத்து மூட்டை

“நீராவி லிவரை முழுசாத் திற, ஏனோக். அரைகுறையாத் திறந்தா என் கணக்கு கெட்டுப்போகும்.”

ஆர்தர் துரை கையில் கடிகாரத்தோடு அந்த இரும்பு டிரம்முக்கு எதிரே நின்றிருந்தார். டிரம் இரண்டு ஆள் உயரம் இருக்கும். சுரங்கத்துக்குள் இறங்கும் கூண்டின் கயிறு அதில்தான் சுற்றியிருந்தது. எதனால் டிரம் சீக்கிரம் வேகம் பிடிக்கிறது, எதனால் தாமதமாகிறது என்று காலையிலிருந்து ஆராய்ச்சி. சுற்றை எண்ண, டிரம்மின் விளிம்பில் சுண்ணாம்புக் கோடு வேறு.

வெறுங்கூண்டுக்கு டிரம் துள்ளிக்கொண்டு ஓடியது. ஐந்து மண் மூட்டைக்கு மெதுவானது. பத்து மூட்டைக்கு முனகிக்கொண்டு கிளம்பி, முழு நீராவியில் போட்ட குலுக்கலில் ஒரு மூட்டை கூண்டிலிருந்து தெறித்துப் பள்ளத்தில் போய் விழுந்தது.

“போகட்டும், மண்ணுதானே?” என்றார் துரை. வேறு மூட்டை வைத்தார்கள்.

ஏனோக்குக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. “ஷிப்டு முடிஞ்சிடுச்சு துரை. கூண்டு இல்லாம ஆளுங்க கீழயே குந்திக்கினு கீறாங்க.”

“ஏணி இருக்குதே, ஏறி வரட்டும்.”

அறுநூறு அடி ஏணி. ஏனோக் மறுபடி லிவரைப் பிடித்தான். பத்து வருஷம் எண்ணெய் போட்ட பிறகு, போன வருஷம்தான் இந்த லிவர் அவன் கைக்கு வந்திருந்தது. அதை இழக்க யாருக்கு மனசு வரும்?

“இதுதான் கடைசி. அதே பத்து மூட்டை. அடியிலேருந்து மேல வரைக்கும் இழு.”

இழுக்கச் சொல்லிக் கீழேயிருந்து மணி அடித்தது. ஏனோக் கயிற்றின் தொய்வை எடுத்தான். கயிறு விறைத்தது; லிவரில் ஒரு சின்ன அசைவு தட்டியது. அவன் கை அப்படியே நின்றது.

“என்ன யோசனை? திற!”

நூலளவு நகர்த்தினான். சுண்ணாம்புக் கோடு எறும்பாக ஊர்ந்தது.

“முழுசா!”

“கை மரத்துப்போச்சு துரை.”

“அப்ப நகரு. நான் பிடிக்கிறேன்.”

ஏனோக் நகரவில்லை. கூண்டு மேலே வந்து சேரும்வரை லிவரை மார்போடு அணைத்தபடி நின்றான்.

துரை கடிகாரத்தைப் படாரென்று மூடினார். “அதே சுமை, அதே நீராவி. கெட்டது உன் கைதான். நாளையிலேருந்து எண்ணெய் டின்னைத் தூக்கு!” பங்களா பக்கம் விடுவிடுவென்று போய்விட்டார்.

ஏனோக் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எஞ்சின் கொட்டகைக்குப் பின்னாலிருந்த சுரங்க வாய்க்கு நடந்தான். அங்கே காவலுக்கு நிற்கும் இன்பராஜ் கூண்டுக் கதவைத் திறந்து பிடித்திருந்தான். ஏணி ஏறத் தெம்பில்லாமல், மூட்டைகளைக் கீழேயே உருட்டிவிட்டு ஏறிக்கொண்ட பத்துப் பேர், ஒருவர் பின் ஒருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

“துரையாண்ட சொல்லியிருக்கலாமேண்ணே?”

“சொன்னா, திருப்பிக் கீழ இறக்கி ஏணியில ஏறச் சொல்லுவாரு.”

“கீழ இன்னா ஏறுதுன்னு கொட்டாயிலேருந்து உனக்குத் தெரியாதே. எப்படிண்ணே கண்டுபுட்ச்ச?”

ஏனோக் சிவந்த உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டான்.

“மண்ணு மூட்டை கால் மாத்தி நிக்காது, இன்பராஜு.”