மது தொடாத குப்பம்

"நீங்க கையெழுத்துப் போட்டா உங்க புத்தகம் பொய்யாயிடும் சார். போடலைன்னா என்னோட அஞ்சு வருஷ உழைப்பு வீணாயிடும். நான் என்ன சார் பண்ணட்டும்?"

அன்புசெல்வி அழுதுவிடுவாள் போலிருந்தது. அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேடு மேஜைமேல் கிடந்தது. வழிகாட்டி கையெழுத்துப் போட வேண்டிய இடம் இன்னும் காலியாகவே இருந்தது. புருஷோத்தமன் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

புதுச்சேரியில் சமூகவியல் பேராசிரியர் புருஷோத்தமன் என்றால் அந்த ஒரு புத்தகம்தான். கல்லூரி வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலாப்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டார். வீட்டில் எத்தனை பிள்ளைகள், யார் என்ன படிப்பு, நகை நட்டு உண்டா, யாராவது குடிப்பார்களா. ஒரு வீட்டில்கூடக் குடி இல்லை என்று சொன்னார்கள். தெருவுக்குத் தெரு சாராயக்கடை இருக்கிற ஊரில் இப்படி ஒரு குப்பமா என்று படித்தவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். 'மது தொடாத குப்பம்' புத்தகமாக வந்தது. பதவி உயர்வு வந்தது. பாரீஸில் போய்ப் பேசிவிட்டு வந்தார். அதை வைத்தே முப்பது வருஷம் பாடம் நடத்திவிட்டு, இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறப் போகிறார்.

அதே குப்பத்துக்கு, அதே கேள்விகளோடு அன்புசெல்வி போனாள். வீட்டுக்கு வீடு குடிகாரர்கள்! அப்பனும் குடித்தான், தாத்தனும் குடித்தான் என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்யாத குறை.

"நீதான் எங்கேயோ தப்பு பண்ணியிருக்கேம்மா."

"ரெண்டு தடவை போயிட்டு வந்தேன் சார். எல்லாரும் அதேதான் சொல்றாங்க."

அவர் ஆய்வேட்டை மறுபடியும் புரட்டினார். இவள் பொய் எழுதுகிற பெண் இல்லை. சரி, அந்த ஜனங்கள்? அவரே காரைக்கால் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பிள்ளை. சொந்த சனம் தன்னிடம் பொய் சொல்லுமா? போன வீட்டிலெல்லாம் பாய் விரித்து உட்காரவைத்து, கேசரியும் காபியும் கொடுத்தார்களே! அவர்களுடைய விருந்தோம்பலைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதியிருந்தார்.

"கெளம்பும்மா. நேர்லயே போய்க் கேட்டுடலாம்."

முப்பது வருஷத்துக்கு முன்பு அவர் முதலில் படியேறிய அஞ்சலாட்சி வீட்டுக்கே போனார்கள். மீன் கூடையைக் கழுவி வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தவள், அன்புசெல்வியைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வா கண்ணு. பணம் எப்ப வரும்?"

"எந்தப் பணம்?"

"இன்னா இப்படிக் கேக்கற? குடிக்கிற ஆம்பள இருக்கற வூட்டுப் பொம்பளைங்களுக்கு கவர்மெண்ட்டுல மாசாமாசம் குடுக்கப் போறாங்களாமே! கழுத்துல அட்ட மாட்டிக்கினு நீதானே வந்து எழுதிக்கினு போன?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லியேக்கா!"

"நீ சொல்லல. ஊரே பேசிக்கிச்சி. எங்க வூட்டுக்காரரு காபியையே ஆத்தி ஆத்திக் குடிக்கிறவரு. அவரப் போயி தெனம் ரெண்டு குவார்ட்டருன்னு சொல்லிட்டேன். அந்த மனுசன் இன்னும் எனக்கு மொகங்குடுத்துப் பேசல."

அன்புசெல்வியின் முகம் வெளுத்துப்போனது. புருஷோத்தமனுக்கோ போன உயிர் திரும்பி வந்தது. அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷம் வெட்கமில்லாமல் குதித்தது.

"கவலைப்படாதம்மா. கூட ஆறு மாசம் வாங்கித் தரேன், திருத்தி எழுதிடலாம்" என்று தாராளமாகச் சொன்னார். பிறகு, அந்த நல்ல வார்த்தையை அஞ்சலாட்சி வாயாலேயே கேட்டுவிடும் ஆசையில் அவள் பக்கம் திரும்பினார்.

"என்னைத் தெரியுதா? ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி வந்தேனே. அன்னைக்கு எங்கிட்ட உண்மையத்தானே சொன்னீங்க?"

அஞ்சலாட்சி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அட, காலேஜ் வாத்தியாரா! உங்கள மறப்பமா? எங்க நாத்தனாருக்குப் பூ வெச்சி, பவுடரு போட்டு, கதவுக்குப் பின்னால நிக்க வெச்சேனே! நம்ம சனத்துப் புள்ள, நல்ல வேல, கல்யாணமும் ஆவல. வூடு வூடா வந்து எத்தினி பொண்ணு, இன்னா படிப்பு, வூட்ல குடிக்கிறாங்களான்னு கேட்டா நாங்க இன்னான்னு நெனப்போம்? குடிக்கிறவன் வூட்ல எவன் சார் பொண்ணு எடுப்பான்? அந்த வாரம் இந்தக் குப்பத்துல தீந்த ரவைக்கு அளவே இல்ல. கடசீல நீங்க மெட்ராசுல போயி கட்டிக்கினீங்க!"

புருஷோத்தமனுக்கு முப்பது வருஷப் பாடமும் கேசரி வாசனை அடித்தது.

"அப்ப... நிஜமா இங்க குடிக்கிறாங்களா, இல்லையா? அதை மட்டுமாவது சொல்லும்மா."

அஞ்சலாட்சியின் சிரிப்பு நின்றது. அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள்.

"எங்க குப்பத்துல ஒருத்தரும் தொட மாட்டாங்க சார். கொஞ்சம் ஒக்காருங்க, எம் பேத்தி கேசரி கிண்டிக் கொண்டாரும். ஆமா, உங்க புள்ளைக்கி இப்ப வயசு இன்னா ஆவுது?"