நழுவும் பேனா

"வந்துடுச்சு பாரு உன் பேனா! மறுபடியும்!"

கடை வாசலிலிருந்து மீரான் மைதீன் குரல் கொடுத்ததும், பின்கட்டில் கடைசல் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள் அவர் மகள் ஜாஹிரா. முக்காடெல்லாம் மரத்தூள்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் அவருக்கு ஹார்டுவேர் கடை. பின்கட்டில் ஒரு மூலையை மகளுக்கு விட்டுக் கொடுத்திருந்தார். வேம்பு, புளி, பூவரசு என்று கையில் கிடைத்த மரத்தையெல்லாம் அவள் கடைந்து, பாலிஷ் போட்டு, பேனாவாக்கினாள். வாங்கியவர்கள் யாரும் குறை சொன்னதில்லை, ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்தி, காவாந்தண்டலம் பக்கம் தபால் கொடுக்கும் கீர்த்தி. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்து நின்றாள். கையில் பூவரசம் பேனா.

"இன்னாக்கா, அந்த வெள்ளை வெள்ளையா பூத்தது திரும்ப வந்துடுச்சா?"

"வெள்ளையும் வந்துடுச்சு, கீறலும் வந்துடுச்சு. தொட்டா பிசுபிசுங்குது. கோச்சிக்காத ஜாஹிரா. எனக்கு இந்தப் பேனான்னா உசுரு. அதான் உன் உசுர வாங்கறேன்."

மீரான் மைதீன் மகளின் காதருகே குனிந்தார். "இதான் கடைசி. இந்த வாட்டியும் தேறல, அந்த மெஷின தூக்கிட்டு அந்த எடத்துல மோட்டார் பைப்ப அடுக்கிடுவேன். ஒரே பேஜாரா கீது."

ஜாஹிரா பேனாவை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாலிஷுக்கு அடியில் பால் தெளித்த மாதிரி மங்கல். மேலே நீளவாக்கில் கோடுகள். நோயாளியைக் கேட்கும் டாக்டர் மாதிரி ஆரம்பித்தாள்.

"ஈரம் படுதாக்கா?"

"காலையில படும். அப்புறம் தானா காஞ்சிடும்."

"ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் யூஸ் பண்ணுவீங்க?"

"காலையில எடுத்தா, ராத்திரி படுக்கும்போதுதான் கழட்டி வெப்பேன்."

மீரான் மைதீன் வாயைப் பிளந்தார். "தபால் ஆபீஸ்ல அவ்ளோ வேலையாம்மா?"

"வேலைக்கு இன்னா பாய் குறைச்சல்! வெயில்ல சுத்தி சுத்தி தலையே காஞ்சி பூடுது."

ஜாஹிரா பேனாவை மோந்து பார்த்தாள். தேங்காய் எண்ணெய்! பலகாரம் சாப்பிட்டுக்கொண்டே எழுதுவாளோ என்று நினைத்தாள். ஆனால் வாடிக்கையாளரிடம் அதெல்லாம் கேட்க முடியுமா?

"எந்தக் கையிலக்கா பிடிப்பீங்க? வலதா, இடதா?"

"ரெண்டு கையும்தான் வேணும். ஒரு கையால ஆவாது."

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆனா பெரிய தொந்தரவு அதில்ல ஜாஹிரா. நீ போடற பாலிஷ் இருக்கே, கண்ணாடியாட்டம் வழுக்குது. நிக்கவே மாட்டேங்குது. ஸ்கூட்டர் ஓட்டிக்கினு போறேன், நழுவி விழுந்துடுது."

"ஸ்கூட்டர் ஓட்டும்போதுமா!" மீரான் மைதீன் ஸ்டூலில் உட்கார்ந்தே விட்டார். "யா அல்லா! ரெண்டு கையும் பேனாவுல கீதுன்னா வண்டிய யாரும்மா ஓட்டறது?"

கீர்த்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நல்லா தமாஷ் பண்றீங்க பாய்!"

அவர் தமாஷ் எதுவும் பண்ணவில்லை. இனி ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் ரோட்டோரமாக நிற்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

ஜாஹிராவுக்கோ சட்டென்று விஷயம் பிடிபட்டுவிட்டது. இத்தனை நாளும் மங்கல் வந்தால் மேலே இன்னொரு பூச்சு, கீறல் விழுந்தால் அதற்கு மேலே இன்னொன்று என்று பளபளப்பை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள். ஈரமும் எண்ணெயும் படுகிற பேனாவுக்கு அந்தப் பளபளப்பே எதிரி!

"அக்கா, கொஞ்ச நேரம் உக்காருங்க. பாலிஷே இல்லாம ஒண்ணு பண்ணித் தரேன்."

"மொட்டையாவா?" என்றார் மீரான் மைதீன் கலவரமாக.

அவள் அதற்குள் பின்கட்டுக்கு ஓடியிருந்தாள். மெஷின் உறுமியது. உப்புத்தாளால் பழைய பூச்சு முழுவதையும் உரித்தாள். உளியின் நுனியை வைத்து, பேனாவைச் சுற்றி மெல்லிய வளையங்கள் வெட்டினாள். துணியில் துளி மெழுகு எடுத்துச் சூடு பறக்கத் தேய்த்தாள். பளபளப்பு இல்லை. ஆனால் பூவரசின் ரேகைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அவளுக்கே கண்ணை எடுக்க மனசு வரவில்லை.

வெளியே வந்து நீட்டினாள். கீர்த்தி விரலால் வளையங்களைத் தடவினாள். முகம் மலர்ந்தது.

"அட, பிடிப்பா கீதே! போட்டுப் பாக்கட்டா?"

"தாராளமா!" ஜாஹிரா அவசரமாக ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். மீரான் மைதீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

கீர்த்தி அந்தத் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள். உள்ளே அடைந்து கிடந்த எண்ணெய்க் கூந்தல் இடுப்புவரை சரிந்தது. இரண்டு கையாலும் அதை அள்ளி, முறுக்கி, பிடரியில் கொண்டையாகச் சுற்றி, நட்டநடுவில் பூவரசம் பேனாவை ஒரே செருகாகச் செருகினாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தாள்.

"நிக்குது பாய், நிக்குது! ஜாஹிரா, எங்க தபால் பொண்ணுங்க எல்லாருக்கும் இதே மாதிரி செஞ்சி குடு. உள்ள கீற ரீஃபில் மட்டும் வேணாம், கழுத்துல கோடு போட்டுக்கினே கீது!"