அரை விலைச் சோளம்

"இஞ்சருங்கோ, வந்திட்டார் உங்கட அரை விலைக்காரர்!"

ஜென்சி சொன்னதும் வான் வண்டிக்குள் சாய்ந்திருந்த டெனிஸ்டன் கண்ணைத் திறந்தான். விடியவே எழும்பி வயலில் சோளப்பொத்தி முறித்த களை இன்னும் தீரவில்லை.

கனடாவில் மொன்ட்ரியால்-நோர் கத்தோலிக்கக் கோயிலின் கார் நிறுத்துமிடம். வானுக்கு முன்னால் விற்பனைக்குச் சோளப்பொத்திக் குவியல். உள்ளே ஞாயிறு தமிழ்ப் பூசை. கோயில் வாசலால் நீக்கிலாப்பிள்ளை மட்டும் இரண்டு துணிப்பையோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"பிரசங்கம் தொடங்கினதும் வெளியில வந்திடுவார். கடவுளுக்குக் குடுக்கிற நேரத்திலயும் மலிவு பாக்கிறார்."

"மெல்லக் கதை. கேக்கப்போகுது."

"கேக்கட்டும்."

ஒவ்வொரு கிழமையும் இதே கதைதான். வந்து, குவியலைக் கிளறி, பொத்தி பொத்தியாக நுனி மடலை விரித்துப் பார்ப்பார். பிறகு மூடி வைப்பார், அல்லது பையில் போடுவார். பை நிறைந்ததும் மேலே கிடக்கிற ஒன்றை எடுத்துக் காட்டுவார். நுனியில் ஒரு புழு நெளியும்.

"புழு விழுந்ததுக்கு அரை விலை போடு, பிள்ளை."

மேலே ஒரு புழுப் பொத்தி, கீழே முழுக்க நல்ல பொத்தி. ஜென்சிக்குத் தெரியாத வித்தையா? பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்து ஆட்டிக்கொண்டே இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தாள். இன்று முடியாது.

இன்றுதான் இந்த வருசத்துக் கடைசிச் சந்தை. அடுத்த வருசம் எந்த விதை என்று நாளைக்குள் சொல்ல வேண்டும்.

விதைக் கொம்பனிக்காரனின் மரபணு மாற்றின விதையில் இந்தப் புழு விழாது. விதைப் பையின் விலை கூடத்தான், ஆனால் மருந்தடிக்கிற செலவும் கூலியும் மிச்சம். பக்கத்து வயல்காரன் அதைப் போட்டுத்தான் மலிவாகக் கொடுக்கிறான். டெனிஸ்டனும் அதைத்தான் போட இருந்தான். தேவதாசன் அண்ணைதான் கோயிலில் அறுபது குடும்பத்திடம் கையெழுத்து வாங்கி வந்து, "தம்பி, மாத்தாத விதையைப் போடு. விலை கூடினாலும் நாங்கள் வாங்குறம்," என்றார்.

போட்டாயிற்று. இப்போது இந்த அறுபது வீட்டை நம்பித்தான் குத்தகை வயல். கொம்பனி விதைக்கு மாறினால் இவர்கள் வரமாட்டார்கள். மொத்த வியாபாரிதான் கதி, அவன் வைத்ததுதான் விலை.

"இண்டைக்கு வித்து முடிஞ்சால் இந்த விதை. மிஞ்சினால் கொம்பனிக்குக் கையெழுத்து," என்று வரும் வழியிலேயே டெனிஸ்டன் சொல்லியிருந்தான்.

நீக்கிலாப்பிள்ளை முதல் பொத்தியில் கை வைத்தார்.

"அங்கிள், இண்டைக்கு மடல் விரிக்க ஏலாது. அரை விலையும் இல்லை."

அவர் நிமிர்ந்தார். "புழு இருந்தால்?"

"இருந்தால் இருக்கட்டும். எங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. கிழமைக்குக் கிழமை பை நிறைய நல்ல சோளத்தை அரை விலைக்குத் தர இது தர்மச் சத்திரமோ?"

அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. குவியலைப் பார்த்தார்.

"வடிவா யோசிச்சுச் சொல்லு, பிள்ளை."

"யோசிச்சுத்தான் சொல்லுறன்."

வெறும் பைகளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பிக் கோயிலுக்குள் போய்விட்டார்.

"வயசான மனுசன், ஜென்சி."

"வயசானால்? பிரசங்கத்தையாவது கேக்கட்டும்."

பூசை முடிந்து சனம் வந்தது. கிழமை தவறாமல் வாங்குகிற வினோஜாதான் முதலில் ஒரு பொத்தியை விரித்தாள்.

"ஐயோ அம்மா!"

பொத்தி கீழே விழுந்தது. அடுத்தவள் விரித்ததிலும் புழு. அதற்கடுத்ததில் இரண்டு.

தேவதாசன் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "என்ன தம்பி இது? இவ்வளவு நாளும் உங்கட சோளத்தில ஒரு புழுவும் கண்டதில்லை. விதையை மாத்திப் போட்டியளோ?"

"மாத்தினால் புழு வராது, அண்ணை. மாத்தாதபடியால்தான் வருது."

"அது சரி. அதுக்காகப் புழுவோடயே தின்னுறது?"

யாரோ சிரித்தார்கள். யாரோ சுப்பர்மார்க்கெட்டின் பெயரைச் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் கார்கள் ஒவ்வொன்றாகப் போயின. குவியல் அப்படியே கிடந்தது.

டெனிஸ்டன் வானுக்குள்ளிருந்து கொம்பனிக்காரனின் படிவத்தை எடுத்து, மடியில் வைத்துப் பேனையைத் தேடினான்.

கடைசியாகப் படியிறங்கி வந்தவர் பிலோமினம்மா, நீக்கிலாப்பிள்ளையின் மனைவி.

"ஏன் பிள்ளை, இண்டைக்கு இவரைப் புழு பொறுக்க விடேல்லையோ? உள்ளுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருக்கிறார்."

ஜென்சிக்கு விளங்கவில்லை. "பொறுக்கிறதோ? நல்ல சோளமெல்லோ கொண்டுபோறவர், அன்ரி?"

"நல்ல சோளமோ! அவ்வளவும் புழு. வீட்டை கொண்டுவந்து அப்பிடியே குப்பைத் தொட்டிக்குள்ள கொட்டுவார். கேட்டால், 'நாங்கள் கையெழுத்து வைச்சுக் கேட்டுத்தானே அந்தப் பெடியன் இந்த விதையைப் போட்டவன், சனம் புழுவைக் கண்டால் திரும்பி வராது' எண்டுவார். முழு விலை குடுக்க அவற்ற பென்சன் காணாது, அதுதான் அரை விலை."

பிலோமினம்மா தள்ளுவண்டியில் கிடந்த பிள்ளையின் கன்னத்தைத் தட்டிவிட்டு நடந்தார். போகிற போக்கில் திரும்பிச் சொன்னார்:

"மற்றும்படி, சோளம் கடிக்க அந்த மனுசனுக்கு வாயில ஒரு பல்லும் இல்லை, பிள்ளை."