ஞாயிற்றுக்கிழமைச் சங்கம்

“இது மூச்சு வாங்குற சத்தமா, இல்ல பெருமூச்சா, பூட்டுக்காரரே?” என்றார் பல் டாக்டர்.

“முழங்கால் சத்தம் டாக்டர். எண்ணெய் போட்டு நாளாச்சு.”

பல் டாக்டர் சிரித்தார். அவர் சிரித்தால் காட்டில் பாதி மரங்களின் பனி பொலபொலவென்று கொட்டிவிடும். மீதிப் பாதி, அடுத்த ஜோக்கையும் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் கொட்டும்.

மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய குளிர். வெள்ளைக் காட்டுக்குள் ஒற்றை வரிசையில் வயசாளிகள் நடந்துகொண்டிருந்தார்கள். முன்னால் சிவப்புக் குல்லா அம்மா. அவர்தான் தலைவி என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம், அந்த நடைக்கு மலையே ஒதுங்கி வழி விடும்.

பூட்டுக்காரர் எப்போதும் வரிசையின் நடுவில்தான் நடப்பார். முன்னால் போனால் கண்ணில் பட்டுவிடுவார், பின்னால் போனால் பேச்சு வரும். ஏனென்றால் அவர் இந்தச் சங்கத்தில் உறுப்பினரே இல்லை.

மனைவி போன பிறகு அவர் வீட்டில் அமைதி கெட்டியாக உறைந்து கிடந்தது. கத்தியால் வெட்டிக் கிலோக் கணக்கில் விற்கலாம். சமையலறைக் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. ஊரிலுள்ள பூட்டையெல்லாம் திறந்த கைக்கு ஒரு குழாய் பெரிய காரியமா? ஆனாலும் அதைச் சரி செய்யவில்லை. அதுவும் வாயை மூடிவிட்டால் அப்புறம் யாரோடு பேசுவது?

இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு பேர் பேச்சையாவது கேட்கலாமென்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர், தூங்கிப்போய்க் கடைசி நிறுத்தத்தில் இறங்கினார். அங்கே ஒரு பலகை: ‘மூத்தோர் நடைச் சங்கம். ஞாயிறு காலை இங்கிருந்து புறப்படும். உறுப்பினர்கள் மட்டும்.’ பலகைக்குக் கீழே முரட்டுச் செருப்பும் கைத்தடியுமாக ஒரு கூட்டம். சிவப்புக் குல்லா அம்மா பொதுவாக எல்லாரையும் பார்த்து, “போலாமா?” என்றார்.

பூட்டுக்காரரை யாரும் அப்படிக் கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது. கால் தானாக நடந்துவிட்டது. அன்று பிடித்த நடை, இன்னும் விடவில்லை.

“நீங்க யாரு?” என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. மறுபடியும் குழாய்தான். அவர்கள் கேட்பதற்கு முன்னால் நாமே கேட்டுவிடுவது என்று ஒரு தந்திரம் வைத்திருந்தார்.

“டாக்டர், நீங்க சங்கத்துல பழைய ஆளோ?”

டாக்டருக்குத் திடீரென்று இருமல் வந்தது. “அத விடுங்க. ஒருத்தருக்குக் கடவாய்ப் பல்லப் புடுங்கினேன் பாருங்க, பல்லு வந்துச்சு, கூடவே நாற்காலியும் வந்துச்சு!”

பழம்பெருமை பேசாத பெரிய மனிதர் என்று பூட்டுக்காரர் நினைத்துக்கொண்டார்.

ஓடைக்குப் பக்கத்தில் எல்லாரும் நின்றார்கள். சிவப்புக் குல்லா அம்மா ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பாதியை நீட்டினார்.

“சாப்பிடுங்கண்ணே. போன வாரம் முதல் பஸ்ஸுல நீங்க வரலயா, எல்லாரும் அடுத்த பஸ் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு நின்னோம்.”

“எனக்காகவா?”

“பின்ன? மரத்துக்காகவா?”

பூட்டுக்காரர் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். கண்ணில் ஆரஞ்சுச் சாறு தெறித்துவிட்டதாகச் சொன்னார். அது தெறிக்கவே இல்லை.

மேட்டில் ஏறியதும் குறுக்கே ஒரு கம்பிக் கதவு. வனக்காவலர் கைகளைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

“இதுக்கு மேல பனி முழங்கால் வரைக்கும் இருக்கு. இனிமே சங்கத்துக்காரங்கள மட்டும்தான் விடுவோம்.”

“ஏன் தம்பி?” என்றார் சிவப்புக் குல்லா அம்மா. குல்லாவைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

“போன மாசம் ஒருத்தரு ஏதோ கூட்டத்தோட ஒட்டிக்கிட்டு வந்து காணாமப் போயிட்டாரும்மா. காணோம்னு சொல்லக்கூட ஆளில்ல. அவரோட தொப்பியப் பாத்துட்டு நாங்களாத் தேடினோம். நல்லவேளை, உசுரு இருந்துச்சு. ஆனா அந்தக் கூட்டத்துத் தலைவரத்தான் கேள்வி மேல கேள்வி கேட்டாங்க. அதனால உண்மையச் சொல்லுங்க. சங்கத்துல இல்லாம, தனியா வந்து சேந்துக்கிட்டவங்க கையத் தூக்குங்க. அவங்க இப்படியே திரும்பிடலாம்.”

பல் டாக்டருக்குக்கூட ஜோக் வரவில்லை.

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் நாளைக்கு நாம் சறுக்கி விழுந்தால் இந்த அம்மா அல்லவா பதில் சொல்ல வேண்டும்? தொழில் செய்த காலமெல்லாம் எத்தனையோ கதவுகளைத் திறந்தார்; வீட்டுக்காரர் கூப்பிடாமல் ஒரு வாசலைக்கூடத் தாண்டியதில்லை. இந்த வயதில் தாண்டுவதா?

சொட்டுகிற குழாயை ஒரு தடவை நினைத்துக்கொண்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையைத் தூக்கினார்.

“அடப்பாவி!” என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தார். யாரும் சொல்லவில்லை.

மெல்ல ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

பக்கத்தில் பல் டாக்டர், மாட்டிக்கொண்ட முழியோடு, கையைத் தூக்கியிருந்தார். பின்னால் வரிசை நெடுகக் கம்பளிக் கையுறைகள் மேலே இருந்தன. எல்லாருக்கும் முன்னால், சிவப்புக் குல்லா அம்மாவின் கை.